பிரிந்துவரும் ஃபைபர் பேனலை எதைக் கொண்டு ஒட்டுவது?

ஃபைபர்கிளாஸ் பாடி போட்ட காரை வைத்திருப்பவர்கள் பெருமையாகச் சொல்வது, "துரு பிடிக்காது" என்பதுதான். உண்மைதான். ஆனால் அந்த பாடியின் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது வெல்டிங் கிடையாது, பசை. பத்து இருபது ஆண்டுகள் வெயிலும் அதிர்வும் தண்ணீரும் பட்டபின் ஏதாவது ஓர் ஓரத்தில் அந்தப் பசை விடும். மட்கார்டும் முன்பகுதியும் சேரும் கோட்டில் பெயிண்டில் மயிரிழை போல ஒரு வெடிப்பு தெரியும். கதவை அறைந்து சாத்தினால் எங்கோ ஒரு பேனல் கடகடக்கும்.

உடனே எழும் கேள்வி, "எந்தப் பசை வலுவானது?" என்பது. டியூபின் மேல் அச்சிட்டிருக்கும் வலு எண்களை ஒப்பிட்டு வாங்குகிறவர்கள் அதிகம். அந்த எண்கள், சுத்தமாகத் தேய்த்த சோதனைத் துண்டுகளை ஒரே திசையில் இழுத்துப் பார்த்து எடுத்தவை. காரில் பேனல் பிரிவது அப்படி அல்ல. அதனால் பசையைத் தேர்வதற்கு முன் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: பேனல் எதனால் ஆனது, அது எதனோடு ஒட்டியிருந்தது, அந்த இடம் எவ்வளவு அசைகிறது. இவை தெரிந்துவிட்டால் தேர்வு பெரும்பாலும் தானாக முடிந்துவிடும்.

முதலில் பேனலைப் பாருங்கள்

பிளாஸ்டிக் போலத் தெரிவதெல்லாம் ஃபைபர்கிளாஸ் கிடையாது. 1984 முதல் 1988 வரை வந்த பான்டியாக் ஃபியரோ நல்ல உதாரணம். எஃகுச் சட்டத்தின் மேல் பூட்டிய அதன் பேனல்களில் சில கண்ணாடியிழை கலந்தவை, சில வளையக்கூடிய யூரிதேன் வகை. ஒன்றுக்குப் பிடிக்கும் பசை இன்னொன்றுக்குப் பிடிக்க வேண்டும் என்று இல்லை.

பேனலின் உள்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூளாக உதிர்ந்தால் கண்ணாடியிழையும் பாலியெஸ்டரும் சேர்ந்த வகை என்று எடுத்துக்கொள்ளலாம். தூளாகாமல் இழுபட்டு, உருகினாற்போல் திரண்டால் அது வேறு பிளாஸ்டிக். இந்தக் கட்டுரையில் சொல்வது அதற்குப் பொருந்தாது.

தூளாக உதிர்கிற வகையிலும் இரண்டு உண்டு. அச்சில் ஜெல்கோட் (வெளிப்பக்கம் பளபளக்கும் ரெசின் பூச்சு) அடித்து, மேட் (கண்ணாடியிழை விரிப்பு) விரித்து, ரெசின் (இறுகும் பிசின் திரவம்) தடவிக் கையால் செய்த 'கையடிப்பு' பேனலின் பின்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணில் படும். எஸ்எம்சி (ஷீட் மோல்டிங் காம்பவுண்ட்) என்பது மற்றொன்று. ரெசின், நறுக்கிய இழை, சுண்ணாம்புத்தூள் நிரப்பி எல்லாம் கலந்த தாளைச் சூடான இரும்பு அச்சில் அழுத்தி எடுப்பது. இரண்டு பக்கமும் வழவழவென்று இருக்கும், பெரும்பாலும் சாம்பல் நிறத்தில். செவ்ரலே கார்வெட் கார் 1953-இல் ஃபைபர்கிளாஸ் பாடியோடு வந்தது. 1970-களில் அதன் பேனல்கள் எஸ்எம்சிக்கு மாறின. எனவே ஒரே பெயருள்ள காருக்கு, ஆண்டைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. எஸ்எம்சி அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, கலவைக்குள்ளேயே துத்தநாக ஸ்டியரேட் போன்ற வழுக்குப் பொருளைச் சேர்த்திருப்பார்கள். மேலே துடைத்தால் போகிற மெழுகு அல்ல அது, பொருளின் உள்ளேயே கலந்திருப்பது. சாதாரண பாலியெஸ்டர் ரெசின் அதன்மேல் நம்பிக்கையாகப் பிடிக்காது. ஒட்டும்போது கல்லாக இறுகியதுபோல் தெரியும், சில மாதங்களில் ஏடாக உரிந்து வரும்.

பாலியெஸ்டர் ரெசின்: பழகியது, மலிவு, வரம்பு உண்டு

ஃபைபர் வேலை செய்யும் இடங்களில் எல்லாம் கையருகில் இருப்பது இதுதான். எடையில் 1 முதல் 2 சதவீதம் கேட்டலிஸ்ட் (இறுகவைக்கும் திரவம்) சேர்த்தால் கால் மணி நேரத்தில் இறுகத் தொடங்கும். பழைய கையடிப்பு பாடியில் பேனலே கிழிந்து, இழையடுக்கை மறுபடி கட்ட வேண்டிய இடத்தில் இது சரியான தேர்வு. அதன்மேல் ஜெல்கோட்டும், மேடுபள்ளம் நிரப்பும் பட்டியும் தகராறு இல்லாமல் உட்காரும்.

ஆனால் இரண்டு கடினப்பட்ட பேனல்களை ஒட்டும் பசையாக இதைப் பார்த்தால் குறைகள் தெரிகின்றன. இறுகும்போது கொள்ளளவில் 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கும். பல வருடம் முன்பு இறுகிய பழைய பாலியெஸ்டரோடு வேதியியல் பிணைப்பு அநேகமாக ஏற்படாது. தேய்த்த கீறல்களில் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். இறுகியபின் உடையக்கூடியது. ஓர் ஓரத்தில் பிளவு தொடங்கினால் கோடு முழுக்க ஓடிவிடும்.

தொழிற்சாலையிலேயே பாலியெஸ்டர் வகைப் பசையால் ஒட்டிய பழைய கார்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அங்கே பேனல் ஓரங்களுக்குப் பின்னால் அகலமான ஃபைபர் பட்டை வைத்து, ஒட்டும் பரப்பைப் பெரிதாக்கியிருந்தார்கள். பட்டை இருப்பதால்தான் அது அத்தனை காலம் நின்றது. அந்தப் பட்டையை விட்டுவிட்டு பசையை மட்டும் பின்பற்றினால் பலன் கிடைக்காது.

எபாக்சி: பெரும்பாலான இணைப்புகளுக்கு என் தேர்வு

ஃபைபரோடு ஃபைபர் சேரும் இணைப்பு, திறந்து சுத்தம் செய்ய முடிகிறது, அவசரம் இல்லை என்றால், இரண்டு கூறுகளைக் கலந்து இறுகவைக்கும் பிசினான எபாக்சியைத்தான் சொல்வேன். கையடிப்பு பேனல், எஸ்எம்சி இரண்டிலும் பிடிக்கும். சுருக்கம் மிகக் குறைவு. சரியாகத் தேய்த்த பரப்பில் ஒட்டிவிட்டு உடைத்துப் பார்த்தால், பசை விடுவதற்கு முன் பேனலின் இழைகள் பிய்ந்து வரும். ஒட்டுக்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

எபாக்சியிலும் வகை பார்க்க வேண்டும். படகு கட்டுவோர் இழையடுக்குக் கட்டப் பயன்படுத்தும் சாதாரண லேமினேட்டிங் எபாக்சி விறைப்பானது. அதிர்வு உள்ள கார் இணைப்புக்கு கொஞ்சம் வளைந்துகொடுக்கும் வகை மேல். வெஸ்ட் சிஸ்டம் நிறுவனத்தின் ஜி-ஃபிளெக்ஸ் அப்படிப்பட்டது. அளவில் ஒன்றுக்கு ஒன்று கலப்பது. பாடிஷாப்களுக்கான பேனல் பசைகளில் 3எம் 8115 போன்றவை துப்பாக்கியில் போட்டு முனையிலேயே கலந்து வருபவை. இவற்றில் நுண்ணிய கண்ணாடி மணிகளும் இருக்கும். அந்த மணிகள் வீணாகச் சேர்த்தவை அல்ல. கிளாம்பை எவ்வளவு முறுக்கினாலும் பசை முழுதாகப் பிதுங்கி வெளியேறாமல், பசைப்படலத்தின் தடிமனைக் காப்பவை அவை. மணி இல்லாத எபாக்சியைப் பயன்படுத்தும்போது கிளாம்பை மென்மையாகப் பிடிக்க வேண்டும். "நல்லா இறுக்கு" என்ற மரவேலைப் பழக்கம் இங்கே இணைப்பைப் பட்டினி போட்டுவிடும்.

நீர்த்த எபாக்சியைத் தனியாக இடுக்கில் விட்டால் வழிந்து போகும். முதலில் இரண்டு பரப்பிலும் நீர்த்த எபாக்சியை மெல்லத் தடவி ஊற விடுவது. பிறகு அதே கலவையில் சிலிக்கா தூளோ அரைத்த கண்ணாடியிழையோ சேர்த்து வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவந்து ஒரு பக்கம் பூசுவது. இதுவே முறை. தேய்ப்பதற்கு லேசாக இருக்கிறது என்று நுண்குமிழித் தூளை (உள்ளே வெறுமையான நுண்ணிய உருண்டைகள்) இதில் கலக்கக் கூடாது. அது மேற்பூச்சுப் பட்டிக்கு உரியது, சுமை தாங்கும் இணைப்பில் நொறுங்கும்.

இனி அதன் பலவீனங்கள். குளிரில் இறுக மறுக்கும். எந்த வெப்பநிலைக்குக் கீழே போகக்கூடாது என்று உறையில் போட்டிருப்பதை மீற வேண்டாம். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி பல, 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். கறுப்போ கருநீலமோ பூசிய பேனல் நேர்வெயிலில் 70 டிகிரியையும் தாண்டும். அப்போது இணைப்பு கழன்று விழுந்துவிடாது, ஆனால் பசைக்கோடு பெயிண்டின் மேல் மெல்லிய வரியாகத் தெரிய வரும். கருநிற காரின் மேல்பகுதி இணைப்பு என்றால், வெப்பம் தாங்கும் அளவைத் தரவுத்தாளில் பார்த்தே வாங்குங்கள். பெயிண்டுக்கு முன் தயாரிப்பாளர் சொல்லும் சூட்டில் சில மணி நேரம் வைத்து முழுதாக இறுக விடுவதும் இந்த வரியைக் குறைக்கும்.

எபாக்சியோடு மேட் வைத்து அடுக்குக் கட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று. சாதாரண நறுக்கிழை மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பிசின், பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரையும்படி செய்தது. எபாக்சியில் அது கரையாது, மேட் படியாது, உள்ளே காற்று நிற்கும். எபாக்சிக்கு நெய்த துணியோ தைத்த துணியோதான். இன்னொன்று: எபாக்சியை பாலியெஸ்டர் மேல் போடலாம், எபாக்சி மேல் பாலியெஸ்டர் ரெசினைப் போடுவது ஆபத்து, இறுகாமல் பிசுபிசுத்துப் போகலாம். எனவே ஒருமுறை எபாக்சிக்குள் போய்விட்டால் அந்த இடத்தில் எபாக்சியோடே முடித்துக்கொள்வது நல்லது.

எம்எம்ஏ: வேகமும் விட்டுக்கொடுக்கும் தன்மையும்

மீத்தைல் மெத்தாக்ரிலேட் பசைகள், சுருக்கமாக எம்எம்ஏ. படகு, பஸ் கட்டும் ஆலைகளில் பிளெக்ஸஸ் போன்ற பெயர்களில் புழங்குபவை. பாலியெஸ்டர் பரப்பை இலேசாகத் தின்று உள்ளே இறங்கி ஒட்டும். நிறைய நீளும், அதிர்வையும் அறைபடுவதையும் தாங்கும். பரப்புத் தயாரிப்பில் சின்னக் குறை இருந்தாலும் எபாக்சி அளவுக்குக் கோபித்துக்கொள்ளாது. வகையைப் பொறுத்துச் சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்துக்குள்ளோ இறுகிவிடும்.

தொழிலாகச் செய்பவர்களுக்கு நீண்ட ஓர இணைப்புகளில் எபாக்சியைவிட இது பொருந்தலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் முதல்முறை செய்பவருக்கு நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் அதே வேகம்தான். ஒரு முழு மட்கார்டைப் பொருத்தி, இடைவெளிகளைச் சரிபார்த்து, கிளாம்ப் போடும் முன் பசை கெட்டியாகிவிட்டால், மறுபடி பிரிப்பது பேனலையே உடைப்பதில் முடியும். நாற்றம் கடுமையானது, ஆவி தீப்பற்றும். தடிமனாகப் போட்டால் கொதித்துச் சூடாகும். சுருக்கமும் உண்டு, அதனால் மெல்லிய பேனலின் வெளிப்புறத்தில் பசைக்கோடு பதியும். இதற்கான துப்பாக்கியும் கலக்கும் முனைகளும் தனிச்செலவு.

ஃபைபரும் எஃகும் சேரும் இடம்

இங்கேதான் நிறைய பழுது திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் சற்று நின்று பார்ப்போம். எஃகுச் சட்டத்தின் மேல் ஃபைபர் பேனலை ஒட்டியிருக்கிறார்கள். வெப்பத்தில் எஃகு விரிவதைப்போல் ஃபைபர்கிளாஸ் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளப் பேனல், 40 டிகிரி வெப்ப மாற்றம் என்றால் இரண்டுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவுக்கு வேறுபாடு வரும். நடுவிலிருந்து இருபுறமும் பகிர்ந்தால் ஒவ்வொரு முனையிலும் கால் மில்லிமீட்டர்.

இந்தக் கால் மில்லிமீட்டரை 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள விறைத்த எபாக்சிப் படலம் ஏற்க வேண்டும் என்றால், அது ஏறக்குறைய தன் தடிமன் அளவுக்கே பக்கவாட்டில் சாய வேண்டும். தினமும் பகலும் இரவும் அப்படிச் சாய்ந்து நிமிர்ந்தால் முனையிலிருந்து பிளக்காமல் என்ன செய்யும்? அதே கால் மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் போன்ற பாலியூரிதேனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால் நீளமான ஃபைபர்–எஃகு இணைப்புக்கு, கார் முன்கண்ணாடி ஒட்டும் வகையைச் சேர்ந்த பாலியூரிதேன் பசைதான் என் தேர்வு. வலு எண் எபாக்சியைவிடக் குறைவு என்பது இங்கே குறை கிடையாது.

பாலியூரிதேன் என்று எழுதியிருந்தாலே போதாது. ஒரே நிறுவனம் இடைவெளி அடைக்கும் சீலன்டையும் சுமை தாங்கும் பசையையும் ஒரே மாதிரி டியூபில் விற்கும். சிகாஃப்ளெக்ஸ் வரிசையில் 221 சீலன்ட், 252 வாகனக் கட்டமைப்புக்கான பசை. பார்த்து வாங்க வேண்டும். இந்த ஒற்றைக்கூறு வகைகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளியிலிருந்து உள்ளே இறுகுபவை, ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர்தான் முன்னேறும். அகலமான இணைப்பின் நடுப்பகுதி இறுகப் பல நாள் ஆகும்; அதுவரை ஓட்டக் கூடாது. பல பரப்புகளுக்கு ப்ரைமர் (முதலில் தடவும் அடிப்பூச்சு) கட்டாயம். வெயில் நேரே பட்டால் மேல்பரப்பு கெடும் என்பதால் மூடிய இணைப்புக்கே ஏற்றது.

இரு கூறு யூரிதேன் பேனல் பசைகள் இதற்கும் எபாக்சிக்கும் நடுவில் நிற்பவை. எஸ்எம்சி பேனல்களை ஆலையில் ஒட்டவே இவை பயன்பட்டிருக்கின்றன. எஸ்எம்சி கதவுத்தோல், பானட் உள்சட்டம் போன்றவற்றுக்கு எபாக்சிக்கு இணையாக இவற்றைச் சொல்லலாம்.

எஃகு அடியில் இருக்கும் இடத்தில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பசை விட்டதற்குக் காரணம் பசையாகவே இல்லாமல், அடியில் இருக்கும் துருவாக இருக்கலாம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பேனலை உள்ளிருந்து நெம்பித் தள்ளும். துருவை எடுத்து, எபாக்சி ப்ரைமர் அடிக்காமல் மேலே எந்தப் பசையை நிரப்பினாலும் அது மறுபடி தள்ளப்படும். சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் பாடி மவுன்ட் ரப்பர்கள் நொறுங்கிப்போய் சட்டத்தின் முறுக்கு முழுதும் பாடிக்கு வருவதும் இதே போலத்தான். காரணத்தைத் தீர்த்துவிட்டு ஒட்டுங்கள்.

திறந்து ஒட்டுவதா, ஊசியால் செலுத்துவதா

பேனல் முழுதும் கழன்று வரவில்லை, ஒரு பகுதி மட்டும் விட்டிருக்கிறது என்றால் இரண்டு வழி. ஒரு நாணயத்தால் கோட்டின் நெடுகத் தட்டிக்கொண்டே போனால், பிடித்திருக்கும் இடம் கணீரென்றும் விட்ட இடம் பொத்தென்றும் ஒலிக்கும். அந்த எல்லையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம்.

சின்னத் துளைகள் போட்டு ஊசிக்குழாயால் எபாக்சியைச் செலுத்துவது எளிது, பெயிண்டும் பெரிதாகக் கெடாது. பலர் இதையே விரும்புகிறார்கள். எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. உள்ளே இருப்பது பழைய பசையின் பளபளத்த முகம், அதன்மேல் பல வருட அழுக்கு, ஈரம், கழுவும்போது இறங்கிய மெழுகும் சிலிக்கானும். தேய்க்காத பரப்பில் எந்தப் பசையும் வெறும் அடைப்பாகத்தான் நிற்கும். பிளவு புதியது, உட்புறம் உலர்ந்து சுத்தமாக இருக்கிறது, இடம் உள்ளங்கையைவிடச் சிறியது என்றால் மட்டும் ஊசி வழி சரி.

மற்றபடி திறந்துவிடுவதே நல்லது. வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் பசைக்கோட்டை மிதமாகச் சூடாக்கி, மெல்லிய பட்டித் தகட்டைச் சிறிது சிறிதாக நுழைத்தால் பழைய பசை விடும். பேனல் புகையும் அளவுக்குச் சூடாக்கினால் ரெசினே கெடும்.

திறந்தபின் வரிசை முக்கியம். முதலில் கரைப்பானால் துடைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தேய்க்க வேண்டும். முறை மாறினால் மெழுகையும் சிலிக்கானையும் கீறல்களுக்குள் தேய்த்து இறக்கிவிடுவோம். அசிட்டோன் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, ஆவியாகும் முன் காய்ந்த துணியால் இன்னொரு துடைப்பு. பிறகு பழைய பசை முழுதும் போய், பளபளப்பு ஓர் இடத்திலும் மிஞ்சாமல், இழை கண்ணில் படத் தொடங்கும் வரை 80 நம்பர் தாளால் தேய்ப்பு. கடைசியில் தூசியை எடுத்துவிட்டு, கை படாமல் அன்றே ஒட்டுவது. எந்தப் பசையை எடுத்தாலும் நேரத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் செலவாகும், ஆகவும் வேண்டும்.

ரிவெட், ஸ்குரூ போட்டால் என்ன?

பசைக்குப் பதிலாகப் போட்டால் பயனில்லை. ஃபைபரில் ஓட்டையைச் சுற்றி அழுத்தம் குவியும், சிறுகச் சிறுக ஓட்டை பெரிதாகும், நட்சத்திர வடிவில் ஜெல்கோட் வெடிக்கும். பசை இறுகும்வரை கிளாம்பாகப் பயன்படுத்தினால் மிக நல்ல துணை. கிளாம்ப் எட்டாத நடுப்பகுதிகளில் தற்காலிக ஸ்குரூ போட்டு, இறுகியபின் கழற்றி, ஓட்டையைச் சரித்துத் தேய்த்து எபாக்சியால் மூடுவது வழக்கமான முறை. ஸ்குரூவில் முன்கூட்டியே மெழுகு தடவினால் ஒட்டிக்கொள்ளாது.

பசைக்கு வலு சேர்க்கும் வழி வேறு. பசை சறுக்கு விசையில் பலசாலி, உரிக்கும் விசையில் பலவீனன். ஒட்டும் நாடாவை நேரே இழுத்தால் வராது, முனையைத் தூக்கி உரித்தால் வந்துவிடுகிறதே, அதுதான். எனவே இரண்டு பேனல்கள் விளிம்போடு விளிம்பாக முட்டும் இடத்தில், பின்னால் 5 சென்டிமீட்டராவது அகலமுள்ள ஃபைபர் பட்டையை வைத்து இரண்டிலும் சேர்த்து ஒட்டுங்கள். பழைய ஆலைப் பட்டை நல்ல நிலையில் இருந்தால் அதையே தேய்த்துப் பயன்படுத்தலாம். பேனல் விரிசல் விட்டிருந்தால், தடிமனைப்போல் 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்த்து அடுக்குக் கட்டுவது. 3 மில்லிமீட்டர் பேனலுக்குச் சரிவு 36 மில்லிமீட்டர். அகலமாகத் தோன்றும், ஆனால் அதைக் குறைத்தால் விரிசல் அதே கோட்டில் திரும்ப வரும்.

சிலிக்கான் சீலன்ட், சூப்பர் க்ளூ, ஐந்து நிமிட எபாக்சி மூன்றையும் இந்த வேலைக்கு ஒதுக்கிவிடலாம். முதலாவது ஒட்டாததோடு, பிறகு வரும் பெயிண்டையும் ஓட்டையோட்டையாக விலக்கும். மற்ற இரண்டும் அதிர்வையும் ஈரத்தையும் நெடுநாள் தாங்காது.

உடம்புக்கு எது எவ்வளவு கெடுதல்

தேர்வில் இதையும் சேர்த்தே எடை போட வேண்டும். பாலியெஸ்டரின் கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் அதன் மூடியைத் திறக்கவே கூடாது. கேட்டலிஸ்டையும் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும். எபாக்சிக்கு வாடை குறைவு என்பதால் வெறும் கையால் தொடுகிறார்கள். அது தோல் ஒவ்வாமையைக் கொண்டுவரும், வந்தபின் வாழ்நாள் முழுக்க எபாக்சியைத் தொட முடியாமல் போகலாம். நைட்ரைல் கையுறை போதும். யூரிதேனில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. ஏற்கெனவே மூச்சுத் தொந்தரவு இருப்பவர்கள் அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடட்டும். தேய்க்கும் தூசிக்கு எல்லாவற்றிலும் முகமூடி வேண்டும், துணி கட்டுவது போதாது.

ஒட்டியபின் எபாக்சியின் மேல் மெழுகுபோல் ஒரு படலம் படியலாம். அதைக் கரைப்பானால் துடைக்காமல், வெறும் தண்ணீரும் தேய்ப்பானும் கொண்டு கழுவி, உலரவிட்டு, பிறகே பட்டியும் ப்ரைமரும். முடிந்தால் பெயிண்டுக்கு முன் காரைச் சில நாள் வெயிலில் நிறுத்திவிடுங்கள். பசைக்கோடு எழும்புவதாக இருந்தால் அப்போதே எழும்பிவிடும். ப்ரைமர் நிலையிலேயே தேய்த்துச் சமன்செய்தபின் நிறம் ஏற்றலாம்.